ஸ்டிக்கர் இருந்த இடம்

மார்ச் 3, திங்கள்

வேலை இல்லாத முதல் திங்கட்கிழமை. பழக்க தோஷத்தில் குளித்து, பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

இத்தனை வருஷமும் ஒரு ஆன்லைன் கடைக்காக, விற்பனைக்கு வரும் சாமான்களைப் படம் எடுத்தேன். குக்கர், செருப்பு, சூட்கேஸ், மிக்ஸி. இனிமேல் ஆள் வேண்டாமாம். குக்கரின் அளவைச் சொன்னால் கம்ப்யூட்டரே படம் போட்டுக் கொடுத்துவிடுகிறதாம் - பளிங்கு மேடை, பின்னால் ஜன்னல், ஜன்னலில் பூந்தொட்டி சகிதம். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சாயங்காலம் அக்கா வந்தாள். ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாகிறதாம்.

"மேனேஜர்கிட்ட பேசிட்டேன். ஒண்ணாந்தேதி வந்து உக்காரு. ஏசி இருக்கு."

"எனக்கு அந்த வேலை தெரியாதுக்கா."

"பேரு கேக்கணும், வயசு கேக்கணும், வெறும் வயித்துல வந்தீங்களான்னு கேக்கணும். இதுல தெரியறதுக்கு என்னடி இருக்கு?"

அவள் போனபிறகு அவர் சொன்னார்: "ஒரு மாசம் இருக்குல்ல. இஷ்டத்துக்கு எடுத்துப் பாரு. ஏதாவது கைக்கு வந்தா அதையே புடிச்சுக்க. இல்லன்னா ஏசி." அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கு எதுவுமே ஒன்று மேலே போகும், இல்லை கீழே வரும்.

ஆக, ஏப்ரல் ஒன்றுக்குள் என் கேமராவுக்கு ஒரு பிழைப்பு கண்டுபிடிக்க வேண்டும். தவறினால், "வெறும் வயித்துல வந்தீங்களா?"

மார்ச் 5, புதன்

பறவைகள்.

விடியலில் ஏரிக்கரைக்குப் போனேன். ஏற்கெனவே ஒரு கூட்டம் புதர் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றிருந்தது. நான் மஞ்சள் சுடிதார். ஒரு மீன்கொத்தி நன்றாக வந்து உட்கார்ந்தது. தலையை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினால் போதும். என்னையறியாமல், "இரு இரு, ஒரு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பறந்துவிட்டது. கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மீன்கொத்தியைக்கூட அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை.

குக்கர் இப்படி நடுவில் எழுந்து போனதே இல்லை.

மார்ச் 8, சனி

பூக்கள். பூங்காவில் ஒரு செடியின் இலையெல்லாம் தூசி. பையிலிருந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். தோட்டக்காரர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "அந்தப் பக்கமும் நாலு செடி இருக்கும்மா" என்றார்.

படங்கள் பரவாயில்லை. வாழ்த்து அட்டையில் போடலாம். வாழ்த்து அட்டை இப்போது யார் வாங்குகிறார்கள்?

மார்ச் 11, செவ்வாய்

அவர் லிஃப்ட் மாட்டப்போகும் ஒரு பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். நாலு மாடி. நடுவில் சுழன்று ஏறும் கல் படிக்கட்டு, இரும்புக் கைப்பிடி, மேலே கண்ணாடிக் கூரை. அடடா என்றிருந்தது. வாளியை நகர்த்தினேன், துடைப்பத்தை ஒளித்தேன், யாரோ கழற்றிவிட்டிருந்த செருப்பை அப்புறப்படுத்தினேன், வெளிச்சம் பார்த்து எடுத்தேன்.

வீட்டில் அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. வெலை எவ்வளவுன்னு போடல?"

சிரித்துவிட்டேன். அப்புறம் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். அவர் சொன்னது சரி. எதை எடுத்தாலும் விற்பனைக்கு வந்ததுபோலவே இருக்கிறது.

மார்ச் 12, புதன்

ஒன்றும் எடுக்கவில்லை. போர்வைகளைத் துவைத்தேன்.

மார்ச் 15, சனி

அவருக்குக் கடைவாய்ப் பல்வலி. புதிதாக ஒரு பல் டாக்டரிடம் போனோம். என்னைவிடப் பத்து வயது சின்னவராக இருப்பார், சிரிக்கவே மாட்டேன் என்கிற முகம். ஆனால் வரவேற்பறையில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி, அது நிறையத் தகர பொம்மைகள். சாவி கொடுத்தால் நடக்கிற, குதிக்கிற, தாளம் போடுகிற பழைய பொம்மைகள். கோழி, தவளை, மோட்டார் சைக்கிள் ஓட்டும் குரங்கு. எல்லாம் டாக்டர் தேடித் தேடிச் சேர்த்தவை.

உள்ளே அவர் வாயைத் திறந்துகொண்டிருக்கும்போதே என் பெருமையைச் சொல்லியிருக்கிறார். வாயில் இத்தனை சாமான்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் பேசினாரோ. டாக்டர் வெளியே வந்து கேட்டார்:

"நீங்க பொருள்களைத்தான் படம் எடுப்பீங்களாமே? முப்பதாம் தேதி எங்க சேகரிப்பாளர்கள் சந்திப்பு. என் பொம்மைகளை ஒரு புத்தகமா போடணும்."

பொருள்கள்! அசையாது, பறக்காது, திரும்பச் சொன்னால் திரும்பும். வருகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

மார்ச் 18, செவ்வாய்

என்ன எழுதுவது.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. வரவேற்பறை மூலையில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விளக்கு வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தேன். டாக்டர் உள்ளே நோயாளிகளோடு. பதினோரு மணிக்குத் தவளை. அது வந்த அட்டைப்பெட்டியும் கூடவே இருந்தது. பெட்டியின் மூலையில் ஒரு கடை ஸ்டிக்கர், மஞ்சளித்து, ஓரம் சுருண்டு.

என் கை தானாகப் போனது. எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலை ஸ்டிக்கரை எடுப்பதுதானே. பையிலிருந்த ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒரே இழுப்பு. அட்டை கிழியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இதுல இருந்த ஸ்டிக்கர் எங்க?"

"எடுத்துட்டேன் டாக்டர். படத்துல அசிங்கமா தெரியும்."

"அசிங்கமாவா?"

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கடை இப்ப இல்ல. பொம்மை நெறைய பேர்கிட்ட இருக்கு. கடை ஸ்டிக்கரோட பெட்டி எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான். இதுக்காகத்தான் வாங்கினேன்."

குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். நல்லவேளை, பஞ்சுக் கூடை இல்லை, காகிதக் கூடை. கிடைத்தது. மடிந்து தன்மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது இரண்டாகக் கிழிந்தது. டாக்டர் அதை ஒரு மாத்திரைக் கவரில் போட்டுக்கொண்டார்.

"நீங்க போங்க. புத்தகம் வேணாம்" என்றார், மெதுவாக. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏன் கேக்கல? எடுக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிடுவேன்? தொடைக்கறது, தேய்க்கறது, மறைக்கறது - இதைத் தவிர எனக்கு என்னதான் தெரியும்?

மார்ச் 19, புதன்

அக்காவுக்குப் போன் செய்தேன். "வரேன்க்கா" என்றேன். அவள் போனைக் கீழே வைக்காமலே பக்கத்தில் யாரிடமோ, "என் தங்கச்சி வர்றா" என்று சொன்னது கேட்டது. அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

முடிந்தது. நிம்மதி என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பொம்மைப் படங்களை அழித்துவிடலாம் என்று திறந்தேன். அழிக்கவில்லை.

தவளையின் பெட்டி. ஸ்டிக்கரை எடுத்தபிறகு எடுத்த படம். மற்ற இடமெல்லாம் வெளிறிப்போன செங்கல் நிறம். ஸ்டிக்கர் இருந்த கட்டம் மட்டும் சிவப்பு. இப்போதுதான் கடைக்கு வந்ததுபோல அப்படி ஒரு சிவப்பு.

பெரிதாக்கிப் பார்த்தேன். அப்புறம், விளக்கைச் சரிசெய்யுமுன் எடுத்த சோதனைப் படங்களில் தவளையையும் பார்த்தேன். முதுகின் இரண்டு பக்கமும் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது. சாவி கொடுக்கும்போது அங்கேதான் பிடிக்க வேண்டும், இரண்டு விரலால். கோழிக்கு இறக்கையில். குரங்குக்கு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில். எந்தக் குழந்தைகளோ, எத்தனை தடவையோ. இதையெல்லாம் நான் விளக்கைத் திருப்பி மறைத்திருக்கிறேன். மறைப்பதில் கெட்டிக்காரி.

பழைய படிக்கட்டுப் படத்தையும் திறந்தேன். ஒவ்வொரு படியும் தேய்ந்து குழிந்திருக்கிறது. அதையும் மறைக்கத்தான் தாழ்வாக உட்கார்ந்து எடுத்திருக்கிறேன். முட்டி வலித்ததுகூட நினைவிருக்கிறது.

மார்ச் 22, சனி

அதே கட்டடம். வாளி இருந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். காவலாளி, "திரும்பவுமா?" என்றார். மேலேயிருந்து, குழி தெரிகிற மாதிரி எடுத்தேன். ஏறுகிறவர்கள் கைப்பிடி ஓரமாக, இறங்குகிறவர்கள் சுவர் ஓரமாகப் போயிருக்கிறார்கள். இரண்டு தடமும் தனித்தனியாகத் தெரிகிறது. சாப்பிடவே மறந்துபோனேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்து மரம். தினமும் பார்க்கிற மரம்தான். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சாய்ந்து சாய்ந்து தோள் உயரத்தில் பட்டை வழவழப்பாகிவிட்டிருக்கிறது. கீழே, குழந்தைகள் உயரத்தில், இன்னொரு வழவழப்பு. ஒரு பஸ்ஸை விட்டேன். அடுத்ததையும் விட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

டாக்டருக்குப் படங்களை அனுப்பினேன். பெட்டியின் சிவப்புக் கட்டம், தவளையின் முதுகு, கோழியின் இறக்கை. "காசு வேண்டாம், புத்தகமும் வேண்டாம். நான் செய்தது தப்பு. இது உங்களிடம் இருக்கட்டும்" என்று எழுதினேன். ரொம்ப நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"இந்தப் பெட்டி இவ்வளவு செவப்பா இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் இன்னும் மன்னிக்கல. ஆனா மீதியையும் இதே மாதிரி எடுங்க. எதையும் நீங்க தொடக் கூடாது. நான்தான் எடுத்து வெப்பேன்."

"சரிங்க டாக்டர்."

"ஹேர் டிரையர் கொண்டு வராதீங்க."

மார்ச் 27, வியாழன்

நேற்றும் இன்றும் மதிய இடைவேளையில் எடுத்தோம். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு பல் பிடுங்குகிற கவனத்தோடு ஒவ்வொன்றாக வைக்கிறார். ஒரு சக்கரம் இல்லாத காரை நான் நல்ல பக்கமாகத் திருப்பச் சொல்ல வாயெடுத்தேன். அவர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். சக்கரம் இல்லாத பக்கம்தான் சரி. அந்தப் பக்கத்தில் யாரோ சக்கரத்துக்குப் பதில் சட்டைப் பொத்தான் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"இதைப் பாத்துதான் வாங்கினேன்" என்றார். சிரித்தார். பல் வரிசையாக, அழகாக இருக்கிறது. பல் டாக்டருக்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

சந்திப்பு ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். பூட்டு சேர்ப்பவர், ரேடியோ சேர்ப்பவர், தீப்பெட்டி லேபிள் சேர்க்கும் தம்பதி (ஒருவர் லேபிளை இன்னொருவர் தொடுவதில்லை). ஒரே நாளில் டிஜிட்டல் அச்சில் அடித்து வாங்கிய புத்தகம் மேசைமேல் இருந்தது. சிவப்புக் கட்டத்தை டாக்டர் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தார். கிழிந்த ஸ்டிக்கரின் படம் எதிர்ப்பக்கத்தில். யார் கிழித்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "இதோ, இவங்கதான்" என்று என்னைக் காட்டினார். காதெல்லாம் சூடாகிப்போனது.

ரேடியோக்காரர் ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பினார். "என் ரேடியோல ஒரே ஒரு ஸ்டேஷன் நம்பர் மட்டும் அழிஞ்சிருக்கும். அதை எடுப்பீங்களா? சுத்தம் பண்ணாம?"

பிறகு ஒரு அம்மா வந்தார். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் அலுவலகத்தில் இன்ஜினியர். வேலை தொடங்குமுன் இருப்பதை இருக்கிறபடி படமெடுக்க ஆள் தேடுகிறார்களாம். "வர்றவங்க எல்லாம் வாளியை நகர்த்திட்டு எடுக்கறாங்க" என்றார்.

என் போனில் படிக்கட்டைக் காட்டினேன். வாளியோடு.

"திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க" என்றார். நாளைக்கே.

மார்ச் 31, திங்கள்

ஆறு கட்டடங்கள். எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அங்கிருந்து நேரே லேபுக்குப் போனேன். போனில் சொல்லக்கூடிய விஷயமா? அக்கா எனக்காகப் பக்கத்து மேசையைத் துடைத்து வைத்திருந்தாள், பேனாவெல்லாம் வைத்து. சொன்னேன்.

"ஆறு கட்டடம். ஏழாவது?"

"தெரியலக்கா."

"இதுக்கு நான் மேனேஜர்கிட்ட எவ்வளவு பேசினேன் தெரியுமாடி?"

"தெரியும்."

ஒருவர் ரிப்போர்ட் வாங்க வந்தார். கொடுத்து அனுப்பினாள். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உனக்கு வேலை இல்லன்னு மட்டுமாடி கூப்பிட்டேன்? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெறும் வயித்துல வந்தீங்களான்னு கேட்டுக்கிட்டு... பக்கத்துல நம்ம ஆளு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னுதான்."

இது எனக்குத் தோன்றவேயில்லை. அவள் எனக்கு நல்லது செய்கிறாள் என்றே நினைத்து முறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். விடு, ஆளுங்க பாக்கறாங்க என்றாள். ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நாற்காலி போனது. பயமாக இருக்கிறது. பசியும் எடுக்கிறது, ஆகவே பரவாயில்லை.

ஏப்ரல் 26, சனி

மூன்று கட்டடம் முடிந்தது. நாளை நாலாவது, ஒரு பழைய நூலகம். ஞாயிறு என்பதால் ஆள் நடமாட்டம் இருக்காது. வாசிப்பு மேசைகளின் ஓரம் முழுக்க முழங்கை ஊன்றி ஊன்றிக் கறுத்திருக்கிறது. ஜன்னல் ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை பிடித்து வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு ஆள் வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்ன வேலை?"

"பக்கத்துல நிக்கணும். நான் சொல்ற பக்கம் அட்டையைத் திருப்பணும்."

"இதுல தெரியறதுக்கு என்னடி இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஏசி இருக்கா?" என்றாள்.

இல்லை என்றேன். எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டாள்.