அனுமதிக்கவா என்று கேட்கும் பெட்டி

4.2.2008, திங்கள்
அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தாவின் திராட்சைக் கொட்டகைக்கு எடை போடும் புரோகிராம் எழுதுகிறேன். பிழை தேடி ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் திரை இருண்டு ஒரு பெட்டி வருகிறது: ‘அடையாளம் தெரியாத புரோகிராம். அனுமதிக்கவா?’ அடையாளம் தெரியாததா? நான் பெத்த பிள்ளை அது.

5.2.2008
ஒரு எழுத்தைத் திருத்தி ஓட்டினாலும் பெட்டி. மற்ற புரோகிராம் எல்லாம் கேட்காமல் திறக்கிறதே, என்னுடையதில் மட்டும் என்ன சந்தேகம்?

6.2.2008
கண்ட்ரோல் பேனலுக்குப் போய்க் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டேன். அப்பாடா.

11.2.2008
காமயகவுண்டன்பட்டிக்குப் போய்க் கொட்டகைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். “ஒரு வாரம் பாப்பேன். சரிப்படலைன்னா மதுரைக் கம்ப்யூட்டர்காரங்கிட்டக் குடுத்துருவேன்” என்றார் பெரியத்தா. என் முதல் வேலை. இது போனால் அத்தா என்னை பி.எட். சேர்த்துவிடுவார். பயமாகத்தான் இருக்கிறது.

12.2.2008
வேலை நின்றுவிட்டதாம். கேரளா லாரி காத்துக்கிடக்கிறதாம். பெரியத்தா போனில் கத்துகிறார். இங்கே நன்றாகத்தானே ஓடியது?

13.2.2008, புதன்
நேரில் போய்ப் பார்த்தேன். அதே பெட்டி! என் வீட்டில் வாயை அடைத்தேன், அங்கே அது பேசிக்கொண்டிருக்கிறது. தொடங்கும்போது ஒரு தடவைதானே கேட்கும் என்றால், எடை போடும் மொக்கம்மாள் ஒவ்வொரு லோடுக்கும் புரோகிராமை மூடித் திறக்கிறாள். ஒரு தோட்டத்து எடையை அடுத்த தோட்டத்துக்காரர் பார்க்கக் கூடாது, அது கொட்டகை வழக்கம். பெட்டி வந்ததும் பெரியத்தாவைத் தேடித் தோட்டத்துக்கு ஆள் ஓடுகிறது.
“நீங்களே அமுக்கலாமேக்கா?”
“மொதலாளி அங்கன இருக்காக. அவுகளக் கேக்காம அனுமதி குடுக்க நான் யாரு தாயி?”
சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

14.2.2008
சரி, ஏன்தான் கேட்கிறது? காலையிலிருந்து தோண்டிக் கண்டுபிடித்தேன். எடைக் கோப்பை, புரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே எழுத வைத்திருக்கிறேன். அங்கே எழுதக் கம்ப்யூட்டர் விடவில்லை என்று, முழு அதிகாரமும் வேண்டும் எனப் புரோகிராமில் நானே குறித்திருக்கிறேன். அதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கிறது. மறந்தே போனேன். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றினேன், அதிகாரம் வேண்டும் என்பதை எடுத்தேன். நிறுத்திய கேள்வியையும் திரும்பப் போட்டுவிட்டு ஓட்டினேன். திரை இருளவில்லை. இன்னொரு தடவை, சும்மா பார்ப்பதற்காக. இருளவே இல்லை.

15.2.2008
கொட்டகையில் புதியதை ஏற்றியாயிற்று.

18.2.2008, திங்கள்
மதியம் பெரியத்தா போன். “ஏத்தா சாதியா, காலையில இருந்து தோட்டத்துலயே நிக்கிறேன், ஒருத்தனும் கூப்பிட வரலை. மறுபடி நின்னுபோச்சா?”
மொக்கம்மாளுக்குப் போன் போட்டேன். கேரளா லாரி லோடோடு அப்போதே குமுளி எல்லையைத் தாண்டிவிட்டதாம்.