பாதி மாடியில் நின்ற பாதம்

புதுப்பட்டினம்
4-9-2003

அன்புள்ள ஷபானாவுக்கு,

சங்கரி அக்கா எழுதுகிறேன். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். நான் நலமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அண்ணன் வீட்டுக்குப் போன் பண்ணிச் சலித்துவிட்டேன். எப்போது பண்ணினாலும் உன் அண்ணிதான் எடுக்கிறாள். நீ தூங்குகிறாயாம். காலையில் தூக்கம், மத்தியானம் தூக்கம், விளக்கு வைக்கும் நேரத்திலும் தூக்கம். கும்பகர்ணனே வெட்கப்படுவான். போன தடவை மட்டும் மனமிரங்கிக் கொஞ்சம் பேசினாள். பெல்லாரியில் யாரோ மூலிகை வைத்தியர் கறுப்பு மாத்திரை கொடுக்கிறாராம். வலி ஓடியே போய்விட்டதாம். உனக்கு முகமெல்லாம் சதை பிடித்துப் பூரி மாதிரி ஆகிவிட்டதாம். அதை அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

நம் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அது சதையில்லை, வீக்கம் என்றார். பேர் இல்லாத மாத்திரைக்குள் என்ன கலந்திருக்கிறதோ, அதை இப்படியே தின்றுகொண்டிருந்தால் எலும்பு உளுத்துப்போகும் என்றார். அதற்காக நீயாகச் சட்டென்று நிறுத்திவிடக்கூடாதாம், அது இன்னும் ஆபத்தாம். பொட்டலத்தோடு உடனே கிளம்பி வரச் சொன்னார். மூலிகை வைத்தியராம்! அந்த மூலிகை எந்த மருந்துக் கம்பெனித் தோட்டத்தில் விளைகிறதோ தெரியவில்லை. உன் அண்ணனைச் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் தைக்கும் தொழிலுக்குத் துணி வாங்கும்போது நூலைப் பிரித்துப் பார்க்கிறவன், தங்கை வாயில் போடுவதைப் பார்க்கமாட்டானா?

நீ ஏன் இங்கே வருவதை நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். அந்த மாடிப்படி. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செங்கல்பட்டுத் தர்ம ஆஸ்பத்திரியைக் கட்டிய மகானுபாவர்களை நீயும் நானும் எத்தனை திட்டியிருப்போம். பல் பிடுங்கக் கீழே, கண் பார்க்கக் கீழே, மூட்டு முடங்கியவர்களுக்கு மட்டும் மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே வாசலை ஒட்டி நல்ல காற்றோட்டமான பெரிய அறையில் யார் இருந்தார்? காலமாகிப்போன நிறுவனர், பளிங்குச் சிலையாக. தினமும் அவருக்கு ஒரு மாலை, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. கல்லுக்கு வேர்க்கும் பார், பாவம். நாமோ ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து ஏறினோம். அன்றைக்கு நீ பாதி மாடியில், படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்து, "என்னால முடியலக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாய். அப்புறம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. கொஞ்ச நாளில் உன் அண்ணன் வந்து உன்னைப் பெல்லாரிக்குக் கூட்டிப்போய்விட்டான்.

இந்த வருஷம் அந்த ஆஸ்பத்திரிச் செயலாளருக்கு ஒரு ஆசை வந்தது. மூட்டு நோய் விழிப்புணர்வு ஓவியக் கண்காட்சி. நோயாளியே வரைந்த படங்கள் என்றால் பேப்பரில் வரும் அல்லவா, அதனால் என்னைக் கூப்பிட்டார். நானும் நம்பி, மாடியில் இருக்கும் அவர் அறைக்குப் போனேன். சைக்கிள் கைப்பிடி ரப்பருக்குள் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு வரைவேனே, அந்தப் படங்களையெல்லாம் கொண்டுபோனேன். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் பெண். காலையில் தாழ்ப்பாளைத் திறக்க விரல் மடங்காமல் கதவுக்கு உள்ளேயே நிற்கும் நான். நம்மோடு மருந்துக்கு வரும் மீன்காரக் கன்னியம்மா படியில் உட்கார்ந்து ஏறுவது, அவள் பக்கத்தில் நீ.

மனிதர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். படி வரும் படங்களையெல்லாம் பொறுக்கித் தனியாகக் கவிழ்த்து வைத்தார். கொஞ்சம் பாசிட்டிவாக இருக்கட்டுமே அம்மா என்றார். மகாபலிபுரம் கோயிலுக்குப் பின்னால் சூரியன் உதிக்கிற மாதிரி, இரண்டு கை அதைக் கும்பிடுகிற மாதிரி வரைந்து தரவேண்டுமாம். விரல் நேராக இருக்கட்டும் என்று வேறு சொன்னார். கண்காட்சி எங்கே என்று கேட்டேன். இதே மாடியில் என்றார். மூட்டு நோயாளிகளைப் பற்றிய கண்காட்சியை மூட்டு நோயாளிகள் பார்க்க முடியாத இடத்தில் வைக்க ஒரு தனி மூளை வேண்டும். சொன்னேன். விதண்டாவாதம் பண்ணாதீர்கள் என்றார். எனக்கு இருப்பது ஒரே ஒரு வாதம்தான் சார், முடக்குவாதம், மற்ற வாதமெல்லாம் உங்களுடையது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கவும் வெகுநேரம் ஆனது. கோபமாக வெளியேறும் சுகம்கூட நமக்குக் கிடையாது, பார்த்தாயா?

அதற்குள் கோகுலாஷ்டமி வந்தது. எங்கள் வீட்டில் வாசலிலிருந்து பூஜை அறை வரை மாவில் கண்ணன் பாதம் வைப்போம். நீ பார்த்திருக்கிறாய். கையை முஷ்டியாக மூடி, மாவுக் கரைசலில் தோய்த்து, பக்கவாட்டில் பதித்தால் குட்டிப் பாதம் விழும். விரலால் தொட்டுத் தொட்டுக் கால்விரல் வைக்க வேண்டும். இந்த வருஷம் என் முஷ்டி மூடவில்லை. மூடின மட்டும் மூடிப் பதித்தேன். நடுவில் பிளந்து, ஒரு பக்கம் சாய்ந்து, விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி விழுந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். "இன்னாம்மா இது, கிஷ்ணரு நொண்டிகினு வர மாரி கீது" என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அழகாக வைக்கச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பேப்பர் படித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அணு உலையையே காவல் காக்கிறவர், அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

எனக்கு அழுகை வந்தது, ஷபானா. சீடையை வாயில் போட்டு அடக்கினேன். அப்புறம் யோசித்தேன். அவர் துடைத்தது என் பாதமும் உன் பாதமும் அல்லவா? கண்ணன் கால் அப்படி இருக்காது. நம் கால் அப்படித்தானே இருக்கிறது. சூரியன் வேண்டுமா அவர்களுக்கு? இரு, தருகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

என் படங்கள் இல்லாமலேயே கண்காட்சிக்கு நாள் குறித்துவிட்டார்கள். அன்று காலையில் கன்னியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் கூடையை மார்க்கெட்டில் மருமகளிடம் விட்டுவிட்டு வந்தாள். வாட்ச்மேன் முனிசாமியிடம் சாமி காரியம் என்றோம். அந்த ஊரில் சாமி காரியம் என்றால் பூட்டுக்கூடத் தானாகத் திறக்கும். கன்னியம்மா மாவுச் சட்டியைப் பிடித்துக்கொள்ள, வழக்கம்போல் உட்கார்ந்து ஏறியபடி, படிக்குப் படி ஒரு ஜோடி வைத்தேன். பிளந்த பாதம், ஒதுங்கிய விரல். நீ உட்கார்ந்த இடத்தில் கடைசி ஜோடியை வைத்துவிட்டு நிறுத்தினேன். முனிசாமி அதைப் பார்த்துப் பரவசமாகி, நர்ஸ்களையெல்லாம் "சாமி காலு கீது, ஓரமா போம்மா" என்று சுவரோடு ஒட்ட வைத்துக்கொண்டிருந்தான். நாம் ஆண்டுக்கணக்கில் ஏறின படி, அன்றைக்குத்தான் அதற்கு ஒரு மரியாதை கிடைத்தது.

தலைமை விருந்தினர் வெங்கடேசன் என்பவர். திருவிடந்தைப் பக்கம் கடலோரமாக ரிசார்ட் வைத்திருக்கிறார். அங்கே வாசலுக்கு வாசல் சாய்தளம் உண்டாம். பெட்டிகளை உருட்ட. சொன்ன நேரத்துக்கு வெகுநேரம் கழித்து வந்தார். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் யாரையும் பார்க்கவில்லை. படியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். குனிந்து முதல் பாதத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். போட்டோகிராபர் இன்னொரு தடவை சார் என்றதும் மறுபடியும் ஒற்றிக்கொண்டார். பின்னாலேயே செயலாளரும் தொட்டு ஒற்றினார், அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஒற்றினார்கள். எல்லாரும் பாதத்தை மிதிக்காமல் சுவரில் ஒட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஏறினார்கள். கோணல் காலைக் கும்பிட்டுக்கொண்டு போகிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் கவனித்துப் பார்க்கவில்லை.

உன் காலை இப்படிக் கும்பிட வைத்தது உங்கள் மார்க்கத்துக்கு ஆகுமோ ஆகாதோ எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதே. மாவு என்னுடையது, கால் மட்டும்தான் உன்னுடையது.

படி திரும்பும் இடத்தில் வெங்கடேசன் நின்றார். கண்ணன் ஏன் இங்கேயே நின்றுவிட்டான் என்று சிரித்தபடி கேட்டார். செயலாளர் பல்லைக் காட்டினார். கீழே பெஞ்சிலிருந்து கன்னியம்மா, ஏலம் கூவும் அந்தக் குரலில், "அது கிஷ்ணரு இல்ல நைனா! எங்க ஷபானா காலு. அதுக்கு மேல ஏற முடியாம திரும்பிப் பூட்ச்சு. நாங்கல்லாம் இன்னும் குந்திகினேதான் ஏறிகினு கீறோம்!" என்றாள். வெங்கடேசன் கை இன்னும் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைக் கோதிக்கொண்டார்.

மனம் இளகிவிட்டது என்று நினைத்துவிடாதே. பயம். போட்டோவோடு இந்த விஷயமும் வெளியே போய்விட்டால் மானம் போய்விடுமே. முட்டி போனவர்கள் மாடிக்கு எப்படி ஏறுவார்கள் என்று, ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, செயலாளரைப் பார்த்துச் சத்தம் போட்டார். அப்புறம் கீழே வந்து மைக்கைப் பிடித்து, மூட்டுப் பிரிவை உடனே கீழ்த்தளத்துக்கு மாற்றுவதாக அவரே அறிவித்தார். கைத்தட்டல். மறுநாள் பேப்பரில், கண்ணன் பாதம் தொட்டு வணங்கி விழாவைத் தொடங்கினார் என்று போட்டிருந்தது. அவருடைய கருணையால் இந்த இடமாற்றம் நிகழ்ந்தது என்று ஒரு கல்வெட்டுக்கும் சொல்லியிருக்கிறார்களாம். செதுக்கிக்கொள்ளட்டும். கல்வெட்டையாவது கீழே பதிப்பார்கள்.

நீ சிரிக்க ஒன்று சொல்கிறேன். அறையைக் காலி பண்ண நிறுவனர் சிலையை மாடிக்குத் தூக்கினார்கள். தடியான ஆட்கள்தான். பாதி மாடியில் மூச்சு வாங்கி இறக்கி வைத்தார்கள். அதற்கு மேல் ஏற்ற முடியவில்லை. நீ உட்கார்ந்த அதே இடத்தில், மாலையும் கழுத்துமாக அவர் நிற்கிறார். போன புதன்கிழமை அவருடைய அறையில், அவருடைய மின்விசிறிக்குக் கீழே, நான் மருந்து வாங்கிக்கொண்டேன். வாசலிலிருந்து நேராக நடந்து போனேன். உட்காரவில்லை.

இனி உன்னைத் திட்ட வேண்டியதுதான் பாக்கி. பெரிய மனிதர்கள் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நீ இறங்கிப்போனபோது உன் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது. எத்தனை படம் வரைந்தாலும் நீ அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கறுப்பு மாத்திரை தின்றால், அந்தச் செயலாளர் ஜெயித்துவிட்டார் என்றுதான் அர்த்தம். பொட்டலத்தை எடுத்துக்கொள். அண்ணனை ரயிலேற்றிவிடச் சொல். மறுக்கிறான் என்றால் இந்தக் கடிதத்தை அவனிடமே கொடு, படிக்கட்டும், அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். சென்ட்ரலுக்கு எங்கள் வீட்டுக்காரர் வருவார். பேசமாட்டார், ஆனால் வருவார். எங்கள் வீட்டில் தரையோடு இருக்கும் அறை உனக்கு. முடக்கத்தான் தோசை மட்டும் கேட்காதே, ஊரார் சொல்லிச் சொல்லித் தின்றதில் எனக்கு அந்தப் பச்சையைக் கண்டாலே குமட்டுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன், கை இழுக்கிறது. நீ இறங்கிப்போனதை நான் வரையவில்லை. எங்கள் வழக்கத்தில் உள்ளே வரும் பாதம் மட்டும்தான் உண்டு, வெளியே போகும் பாதத்தை யாரும் வைக்கமாட்டார்கள். புது அறை வாசலில் இன்னும் ஒரு பாதமும் வைக்கவில்லை. மாவைக் கரைத்து வைக்கிறேன். என் முஷ்டி இனி அவ்வளவுகூட மூடாது. நீ வந்து உன் காலாலேயே வைத்துவிடு.

உன் வரவுக்காக வாசலைத் திறந்து வைத்திருக்கும்,
சங்கரி அக்கா