மறுபடி விதைத்த குற்றம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புதான் நன்றாக இருக்கிறது, வயிறு எரிகிறது. போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் நம் மக்காச்சோளம் அடியோடு போனது உனக்குத் தெரியும். தண்ணீர் வடிந்ததும் உன் அப்பா தலையில் கைவைத்து உட்காரவில்லை. முழங்கால் சேற்றில் நின்று அழுகின தட்டைகளை இரண்டு பேருமாகப் பிடுங்கி வரப்பில் குவித்தோம், எனக்கு வந்த சேற்றுப்புண் இன்னும் ஆறவில்லை. உன் மாமாவிடம் விதை கடன் வாங்கி மறுபடி விதைத்தோம். பக்கத்து வயல்காரர், நாம் தூங்குமூஞ்சி என்போமே அவர், ஒரு தட்டையைக்கூடத் தொடவில்லை. நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கிற அதிகாரி ஆடி அசைந்து வந்தபோது நம் வயல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. மனிதர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லையடி. கண்ணாடியை இறக்கி, "பயிர் நல்லாத்தானே நிக்குது, நஷ்டம்னு எப்படி எழுதறது?" என்றார். இது இரண்டாவது விதைப்பு, பழையது அதோ குவிந்து கிடக்கிறது என்று அப்பா காட்டினார். "குப்பையெல்லாம் கணக்குல வராதுங்க" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். குப்பையாம்! அப்பா அன்று சாப்பிடவே இல்லை. தூங்குமூஞ்சிக்குப் பணம் வந்தது, நமக்குப் பாதிப்பு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

பிறகு குறைகேட்கும் கூட்டம் வைத்தார்கள். பிச்சைக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று அப்பா வர மறுத்தார், நான் போனேன். மின்விசிறி அவர்கள் தலைக்கு மேல் மட்டும் சுற்றுகிறது, நாங்கள் புழுங்கிச் செத்தோம். என் முறை வந்ததும் அதே அதிகாரி அதே பாட்டைப் பாடினார். "அப்போ எதையும் தொடாம வீட்டுல படுத்திருந்தா குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன், என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து, "குடுத்தாங்களேக்கா, எனக்கு!" என்று ஒரு சத்தம். பார்த்தால் தூங்குமூஞ்சி! "ரெண்டு வயலுக்கும் நடுவுல ஒரே வரப்புதாங்க. அதே தண்ணிதான் ரெண்டையும் முக்குச்சு. அவங்க வேலை செஞ்சாங்க, நான் செய்யல. சோம்பேறித்தனத்துக்குத்தான் இந்தக் காசுன்னா அப்படியே எழுதிக் குடுங்க, வீட்டுல மாட்டி வெக்கிறேன்" என்றார். கூடமே சிரித்தது. மேலதிகாரி ஒரு பெண், அவர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் அவரே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து, அழுகல் குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்.

பணம் கிடைத்தது. அதிலும் ஒரு முள். மேடையேறி, தொகை எழுதின பெரிய அட்டையைப் பிடித்தபடி போட்டோவுக்கு நிற்க வேண்டுமாம். நம் அட்டையில் மட்டும் ‘கருணை அடிப்படையில்’ என்று ஒரு வரி. பிடுங்கினது நாங்கள், விதைத்தது நாங்கள், கருணை இவர்களுடையதா? அப்பா அதைப் படித்துவிட்டு மேடையிலேயே நின்றுவிட்டார். "இத அடிச்சிட்டு நஷ்டம்னு எழுதுங்க, அப்புறம் போட்டோ எடுங்க" என்றார். கீழே இறங்கு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள், அவர் அசையவில்லை. கடைசியில் அந்த மேலதிகாரி அம்மாள்தான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்து எழுதிக் கொடுத்தார்.

குழந்தைக்கு இருமல் விடவில்லை என்றாயே, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் டாக்டரிடம் காட்டு. மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். பேப்பரில் வந்த போட்டோவைக் கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். வரிசையில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்காமல் நிமிர்ந்து நிற்பவர்தான் உன் அப்பா.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா