மறுபடியும் சோதிக்கச் சொல்

அன்புள்ள அம்மா,

நான் நலம். தையல் போட்ட இடத்தில் வலி குறைந்ததா? போனில் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லடி" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஆய்வகத்தில் ஒரு கூத்து. ஒரு பெண்ணின் மார்புக் கட்டியில் சாயம் பிடிக்கவில்லை; அதற்கு ஹார்மோன் மாத்திரை கேட்காது என்று சோதனை சொன்னது. ஆனால் சரிபார்ப்பதற்காகக் கூடவே வைக்கும், கட்டாயம் சாயம் பிடிக்க வேண்டிய சதைத்துண்டும் வெளுத்தே இருந்தது. "கையெழுத்து போடும்மா" என்றார் மேலதிகாரி. "சாயமே பிடிக்கல சார், போட மாட்டேன்" என்றேன். மறுபடி செய்தோம். இந்த முறை இரண்டிலும் சாயம் பிடித்தது; மாத்திரை கேட்கும் என்று வந்தது.

உன் மார்புக் கட்டியின் அறிக்கையிலும் கேட்காது என்றுதான் இருக்கிறது. அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் மருத்துவமனையில் மெழுகில் பதித்து வைத்திருக்கும் உன் சதைத்துண்டை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல். டாக்டர் முறைத்தாலும் விடாதே. வரும் முடிவை நீயே எனக்குப் படித்துக் காட்டு; உன் குரலில் கேட்க வேண்டும். பேருந்து வந்துவிட்டது.

உன் சின்னவள்