பின்சீட்டில் உட்காராதவர்

செவ்வாய், ஜூலை 8

காலையிலேயே புழுக்கம். ஜன்னல் கம்பியில் அனல் மின்நிலையத்துச் சாம்பல். துடைத்தேன். மதியம் திரும்பவும்.

வேலைகள்: அப்பாவின் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு, எஃப்.ஐ.ஆர். ஜெராக்ஸ் இரண்டு. நூலகப் புத்தகம் (கெடு முடிந்துவிட்டது). அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

கல்மண்டபம், வக்கீல் அலுவலகம். வக்கீல் அம்மா வெளியே. குமாஸ்தா மட்டும். அடுத்த செவ்வாய் இழப்பீட்டு வழக்கில் சாட்சி. முதலில் அப்பா, பிறகு நான். கோப்பைப் புரட்டியபடி குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உங்கப்பாருக்கு பைக் லைசென்ஸ் இல்ல. உனுக்கு கீது. நீ ஓட்டிகினு வந்தே, அவரு பின்னாடி குந்திகினு வந்தாரு. முட்ஞ்சிது மேட்டரு. இல்லாங்காட்டி பாதித் தப்ப அவரு தலைல கட்டி, காசையும் பாதியாக்கிடுவானுங்க இன்சூரன்ஸ்காரனுங்க."

எஃப்.ஐ.ஆரில் யார் ஓட்டினார் என்று இல்லை. 'தந்தையும் மகனும் இருசக்கர வாகனத்தில்' என்பதோடு சரி. அந்தப் புகாரை எழுதியது நான். மருத்துவமனை வராந்தாவில், அவருடைய ரத்தம் காயாத சட்டையோடு. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். தெரிந்தேதான்.

குமாஸ்தாவிடம் தலையாட்டிவிட்டு வந்தேன்.

புதன், ஜூலை 9

எனக்காக ஒருமுறை, நடந்தது நடந்தபடி.

ஜனவரி. பட்டப்பகல். எண்ணூர் நெடுஞ்சாலை. முன்னால் கன்டெய்னர் லாரிகள், வரிசை நகரவில்லை. அப்பா வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். இரண்டு காலும் தரையில். நான் பின்சீட்டில், ஏதோ கவிதையை மனதுக்குள் திருத்தியபடி. பின்னாலிருந்து கார்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு வலது காலில் மூன்று இடத்தில் முறிவு. உள்ளே கம்பி. இன்னொரு ஆபரேஷன் பாக்கி. தரையில் கோல் ஊன்றி நடக்கிறார். அலையில் ஆடும் படகில் நிற்க முடியாது. முப்பது வருடம் மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர்.

ஆய்வேட்டில் இன்று ஒரு வரிகூட இல்லை.

வியாழன், ஜூலை 10

மேகம். மழை இல்லை. வஞ்சிரத் தலைக் குழம்பு. சாப்பிடும்போது குமாஸ்தாவின் யோசனையைச் சொன்னேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது.

"நானு பின்னாடி குந்திகினு வந்தேனா?"

"பேப்பர்ல மட்டுந்தான், நைனா."

"பேப்பர்ல இன்னா, எதுல இன்னா? புயல்லகூட சுக்கான எவன் கையிலயும் குட்த்ததில்ல. நீ ஓட்டி, நான் பின்னாடி குந்தி, அதுல கால ஒட்ச்சிக்கினேனா? நெட்டுக்குப்பமே சிரிக்கும்டா."

அம்மா: "ஆமா, கப்பல் கேப்டனு. ஒரு லைசென்ஸு எடுக்கத் துப்பில்ல. எட்டு போட்டுக் காட்டச் சொன்னா வெக்கமாம் இவருக்கு."

"ஆபீசர் முன்னால எட்டு போட நான் இன்னா சின்னப் புள்ளயா?"

அம்மா சிரித்தாள். உடனே நிறுத்தினாள். "பாதிக் காசு வந்தா ஆபரேசன் எப்டியா செய்றது?"

"லேட்டா செய்வோம். நொண்டினு போறேன். ஆனா ஓட்டினது நானு."

எனக்குக் கோபம். மொட்டைமாடியில் நெடுநேரம். துறைமுகப் பக்கம் கிரேன்கள். வீம்பு என்று எழுதி அடித்தேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

வெள்ளி, ஜூலை 11

வக்கீல் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். குமாஸ்தாவை அழைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே வந்த குமாஸ்தா என்னைப் பார்க்கவில்லை.

பிறகு எனக்குப் பாடம். பொறுமையாக.

"லைசென்ஸ் இல்லாம ஓட்டினது தனிக் குற்றம். அதுக்கு அபராதம் உண்டு. விபத்துக்கு யார் காரணம்கிறது வேற கேள்வி. லைசென்ஸ் இல்லங்கிறதுக்காகவே பாதித் தப்பு வந்துடாது. நிறுத்தின வண்டியில இருந்தவர் எப்படிக் காரணம்னு அவங்க காட்டட்டும். நீங்க பொய் சொல்லி மாட்டினா மொத்த வழக்கும் போச்சு." சற்று நிறுத்தி, "நீங்க ஒத்துக்கிட்டீங்களா?"

"ஆமாம், மேடம்."

பேனாவை மூடினார்.

ஆக, எதுவும் படிக்காமல் அப்பா வந்து சேர்ந்த இடத்துக்கு, இரண்டு பட்டங்களோடு நான் ஒரு நாள் தாமதம்.

செவ்வாய், ஜூலை 15

வெயில். அப்பா வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. கோர்ட்டுக்கு ஆட்டோ.

அடுத்த சாட்சி நான் என்பதால் வெளியே நிற்கச் சொன்னார்கள். கோர்ட் ஹால் கதவு சரியாக மூடாது. அத்தனையும் கேட்டது.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல்: "லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல சார்."

"ஓட்டினது உங்க பையன்தானே?"

"அவன் பின்னாடி குந்தினிருந்தான். நான்தான் ஓட்டினேன்."

"லைசென்ஸே எடுக்காத உங்களுக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்கிறேன்."

"தெரியாதுன்னே வச்சிக்கோ சார். கார் இடிச்சப்போ நான் எங்க ஓட்டினேன்? நின்னுகினுல்ல இருந்தேன். நிக்கறதுக்கு எந்த ஆபீஸ்ல சார் லைசென்ஸ் குடுக்கறாங்க?"

உள்ளே சிரிப்பு. நீதிபதி மேசையைத் தட்டினார். பிறகு அவர் குரல், தட்டச்சரிடம், நிதானமாக: "கார் மோதியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது." கீபோர்டுச் சத்தம். இத்தனை நாளில் அந்த வரி இன்றுதான் ஒரு கோர்ட் தாளில்.

அப்பா கோலை ஊன்றி வெளியே வந்தார். நெற்றி முழுக்க வியர்வை. தோளைத் தொடப் போனேன். "போடா, கூப்புட்றாங்க."

கூண்டு. உறுதிமொழி. எங்கள் வக்கீல்தான் முதலில் கேட்டார், என் கண்ணைப் பார்த்து.

"வண்டியை ஓட்டினது யார்?"

பல்கலைக்கழகத்தில் நான் பேசும் தமிழ் ஒன்று உண்டு. அது வரவில்லை.

"எங்க நைனா."