ஆரியசாலைப் படத்தில் ஒரு தபால்பெட்டி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று தப்பித்தேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிக்கு மேலே தும்மிக்கொண்டே நீங்கள் நடத்திய பத்திரிகைக்கு நான்தான் இணையதளம் செய்தேன். எந்தக் கட்சிக்கும் சங்கத்துக்கும் தலையாட்டாத பத்திரிகை வெளியூரிலும் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். ஞாயிறுதோறும் தெருவில் நின்று கடை கடையாக வரைந்தேன். அந்தத் தெருப் படம்தான் தளத்தின் முகப்பு. திரையில் ஒரு கடையை மவுஸால் அழுத்தினால் ஷட்டர் மேலே போகும். உள்ளே அந்த வாரச் செய்தி இருக்கும். உங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு சிவப்புத் தபால்பெட்டி. அதை அழுத்தி வாசகர்கள் உங்களுக்கு எழுதலாம். அதை நீங்கள் எத்தனை தடவை திறந்து மூடினீர்கள்!

தளம் வந்த வாரம் முதல் பக்கத்தில் அறிவிப்பு. டெலிபோன் லைன் தந்தவருக்கு நன்றி, கம்ப்யூட்டர் இரவல் தந்த மண்டிக்காரருக்கு நன்றி. என் பெயர் இல்லை. கேட்டேன்.

"எடே, வீட்டு ஆளுக்கு எவனாவது நன்றி போடுவானா? பின்னே நீ எனக்கு ஆருடே?" என்று சிரித்தீர்கள்.

அது அன்பு என்று எனக்கு அன்று படவில்லை. வேலையை வாங்கிக்கொண்டு சாக்குச் சொல்கிறீர்கள் என்றே பட்டது. சோதனைக்காக, பெட்டியில் விழும் கடிதங்கள் என் மின்னஞ்சலுக்கு வரும்படி வைத்திருந்தேன். உங்கள் முகவரிக்கு மாற்றவேண்டிய நாளில் மாற்றவில்லை.

கடிதம் ஏதாவது வந்ததா என்று திங்கட்கிழமைதோறும் கேட்பீர்கள்.

"வல்ல லெட்டரும் உண்டாடே?"

"இல்ல அண்ணாச்சி."

"நம்ம ஆளுவளுக்கு எழுத மடி, சோம்பேறிவ, கேட்டியா. அடுத்த வாரம் வரும்."

வந்துகொண்டுதான் இருந்தன. மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: "மூன்றாவது கடை என் அப்பாவுடையது. ஷட்டரைத் திறந்து திறந்து பார்த்தேன். இதை வரைந்தவர் யார்?" அதைக் காட்டியிருந்தால் அடுத்த இதழிலேயே என் பெயரைப் பெரிதாகப் போட்டிருப்பீர்கள். தெரிந்தும் காட்டவில்லை. நீங்களாக அல்லவா போட்டிருக்க வேண்டும்?

அடுத்த மழைக்காலத்தில், "ஒரு லெட்டர்கூட வரல்ல, பின்னே ஆருக்கு வேண்டி அடிக்கணும்?" என்று பத்திரிகையை நிறுத்தினீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என் முகத்தில் விழிப்பீர்களா என்ற பயம்.

போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போய் மதினியைப் பார்த்தேன். "ஆஸ்பத்திரியில கிடக்கும்போதும் பெட்டியைப் பாக்கச் சொன்னாங்க. தம்பி பாத்துக்கிடுவான், நீங்க ஒறங்குங்கன்னு சொன்னேன்" என்றார்கள். அவர்கள் தந்த காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

அந்த அறிவிப்பை நினைத்தால் இன்றும் எரிகிறது, அண்ணாச்சி, மறைக்கவில்லை. ஆனால் அதற்காக உங்கள் பத்திரிகையையே சாகவிட்டேனே, அதற்கு என்ன சொல்வது?

தளம் இன்னும் இருக்கிறது. பழைய செய்திகளை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஷட்டருக்குப் பின்னாலும் உங்களுக்கு வந்த ஒரு கடிதத்தை வைப்பேன். எல்லாவற்றையும் அச்செடுத்து மதினி கையில் கொடுத்து, நான் செய்ததை என் வாயாலேயே சொல்வேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தையும் அதே சிவப்புப் பெட்டியில் போடுகிறேன். பெயர் போடப்போவதில்லை. பெயருக்காக நான் செய்தது போதும்.

உங்கள் வீட்டு ஆள்,
தம்பி