உங்கள் கை தொடாத பல்

அன்புள்ள அக்கா,

இன்று காலை பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபோது கிராம்பு எண்ணெய் வாசனை வந்தது. உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள், வெள்ளை உடுப்பில், கையில் வாய்க்குள் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியோடு.

எழுபதுகளில், மலேசியாவின் சுங்கை பினாங்கில் நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறையை உங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அரசாங்கப் பல் தாதி நீங்கள். துளைப்பது, அடைப்பது, பிடுங்குவது எல்லாம் உங்கள் கையால்தான். ஆனால் சட்டப்படி பள்ளிப் பிள்ளைகளின் வாயை மட்டுமே தொடலாம். அழுதுகொண்டு போகும் பிள்ளைகள், வாயில் பஞ்சோடு சிரித்துக்கொண்டு என் வகுப்புக்குத் திரும்பும்.

ஒரு சமயம் எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி வலியெடுத்தது. அரசாங்கக் கிளினிக்கில் இருந்த ஒரே டாக்டர் வேலையை விட்டு வெளிநாடு போயிருந்தார். அடுத்தவர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். தனியாரிடம் போக எனக்கு வசதியில்லை. உங்களிடம் வந்தேன்.

"கதவைச் சாத்திட்டுக் கொஞ்சம் பாருங்க லா, அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

பார்த்தீர்கள். "இப்பவே அடைச்சா காப்பாத்திடலாம், டீச்சர்" என்றீர்கள். பிறகு மெல்ல விலகினீர்கள். "ஆனா நீங்க பிள்ளை இல்லையே. யூனிபார்ம் மாட்டி, ரெட்டைச் சடை போட்டுட்டு வாங்க, பாக்கலாம்."

சிரித்தால் வலித்தது, சிரித்தேன். பஞ்சைக் கிராம்பு எண்ணெயில் நனைத்து என் கையில் கொடுத்தீர்கள். பல்லில் வைத்துக்கொண்டது நான். நான் பார்த்து வைக்க நீங்கள் கண்ணாடி மட்டும் பிடித்தீர்கள்.

அன்றுதான் அமெரிக்காவில் இருந்த உங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னீர்கள். வா வா என்று அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். விசாரித்தால், அங்கே உங்களுக்கு டாக்டர் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்கும் வேலைதானாம். போய்ப் பார்த்துவிட்டாவது வரலாம் என்று நீண்ட விடுப்புக் கேட்டீர்கள். 'நீங்க போயிட்டா பிள்ளைங்கள யார் பாக்கறது?' என்று மேலதிகாரி மறுத்துவிட்டார்.

"அங்க டாக்டருங்க அதிகம், அதனால நான் வேணாம். இங்க ஆளே இல்ல, அதனால என்னை விடமாட்டாங்க. நான் எங்க போறது, டீச்சர்?"

பிற்பாடு, சில நாடுகளில் மட்டும் ஏன் டாக்டர்கள் குறைவு என்று வகுப்பில் பேச்சு வந்தபோது ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு வீட்டில் குடைகள் நிறைய. புதிதாக ஒன்று வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டில் ஒரே குடை; அதை வெளியே விடமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. அந்தக் குடை என்ன நினைக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

புது டாக்டர் வந்தபோது என் பல்லைக் காப்பாற்றும் நாள் கடந்திருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டார். நீங்கள் ஓய்வு பெறும்வரை அதே அறையில் இருந்தீர்கள். அதற்குள் அண்ணன் காலமாகிவிட்டார், இப்போது நீங்களும்.

இன்றைய டாக்டர் சின்னப் பெண். "ஆன்ட்டி, இந்த இடைவெளியில ஒரு பல் கட்டிடலாமா?" என்று கேட்டாள்.

"வேணாம் லா, பழகிடுச்சு" என்றேன்.

பழகவில்லை, அக்கா. என் நாக்கு இன்னும் அங்கேதான் போய் நிற்கிறது. காப்பாற்றத் தெரிந்த ஒரு கை, கண்ணாடியைப் பிடித்தபடி, ஒரு சாண் தள்ளியே நின்றுவிட்ட இடம் அது.